தோழன் பேப்பர்

என் கம்பெனியின் முக்கியத் தொழில் தோற்பது. புல் வெட்டுவது, கால்வாய் சுத்தம் செய்வது, கூரை ஓட்டை அடைப்பது, கதவுக்குக் கீல் மாட்டுவது என்று பதிவுத்தாளில் என்னென்னவோ இருக்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் நேரம் தவறாமல், புகார் வராமல் செய்துவந்த வேலை ஒன்றுதான்: அடுத்தவர் ஜெயிப்பதற்காக அதிக விலை எழுதிக் கொடுத்துத் தோற்பது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பணத்தில் சின்ன வேலை ஒன்று நடக்க வேண்டுமென்றால், மூன்று குத்தகைக்காரர்களிடம், அதாவது கான்ட்ராக்டர்களிடம், விலை கேட்க வேண்டும். மூவரும் தங்களுக்குள் கலந்து பேசாமல், மூடிய உறையில், தங்கள் விலையைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அருமையான விதி. எழுதியவர் எங்கள் கூலிம் பக்கம் வந்து ஒரு கோப்பி குடித்ததில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வேலை யாருக்கு என்பது முதலில் முடிவாகிவிடும். அப்புறம் அந்த ஆள் மற்ற இரண்டு பேரிடம் லெட்டர்ஹெட் தாளும் கம்பெனி முத்திரையும் வாங்கிக்கொள்வார். முத்திரையை நாங்கள் சாப்பு என்போம். மூன்று தாளிலும் அவரே விலை எழுதி, அவரே சாப்பு குத்தி, மூன்று உறையில் போட்டு ஒட்டிவிடுவார். கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஒரு தோழன் நிற்பான், பார்த்திருப்பீர்கள். தாலி கட்டப்போவது தான் இல்லை என்று அவனுக்கும் தெரியும், மண்டபத்துக்கும் தெரியும். ஆனாலும் நிற்க வேண்டும். அதனால் உடன் போகிற அந்த இரண்டு தாளுக்கும் எங்கள் வட்டத்தில் தோழன் பேப்பர் என்று பெயர்.

சாப்பைக் கொடுப்பது எங்களுக்குள் ஏணியை இரவல் கொடுப்பது மாதிரி. கேட்டுக் கொடுக்கவில்லையென்றால் கர்வம் பிடித்தவன் என்று ஆகிவிடும். இது குற்றம் என்று தெரியுமா என்றால், தெரியும். மோட்டார் சைக்கிளில் சிவப்பு விளக்கைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இடப்பக்கம் திரும்புவது குற்றம் என்று தெரியும் அல்லவா, அந்த அளவுக்குத் தெரியும்.

நானோ பிறவித் தோழன். என் சொந்தக் கல்யாணத்திலேயே போட்டோக்காரர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, என் சித்தப்பா மகனை மாப்பிள்ளை என்று நினைத்து நாலு படம் எடுத்துவிட்டார். அந்தப் படங்கள்தான் ஆல்பத்திலேயே நன்றாக வந்திருக்கின்றன என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

எங்கள் வட்டாரத்தில் பெரிய குத்தகைக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் பாஸ் என்போம். அவர் நேரில் ஒன்றும் கேட்க மாட்டார். அவருடைய கணக்கு வழக்கைப் பார்க்கும் கிராணி போன் போடுவார். “அண்ணே, ஒரு தோழன் வேணும்ணே. நம்பரு நாங்க போட்டுக்கிறோம், நீங்க சாப்பை மட்டும் குடுத்து அனுப்புங்க” என்பார். நான் கொடுத்து அனுப்புவேன். இரண்டு மாதம் கழித்து பாஸ் எடுத்த வேலையில் ஏதாவது ஒரு கால்வாயைத் தோண்டும் வேலை எனக்கு வரும். நான் அதை நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படித் தோற்றுக்கொண்டிருந்தவனுக்கு ஒரு நாள் ஜெயிக்கும் யோகம் வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாடாங் மேஹாவைத் தாண்டி செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள் நாலைந்து மைல் போனால் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. அதன் தலைமையாசிரியை எனக்கு முன்பே பழக்கம். கூரையில் காற்று பிடுங்கிப் போன தகரத்தை மாட்டப் போயிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி, நடந்தால் செருப்புச் சத்தம் வகுப்புக்கு முன்னால் போய் எச்சரிக்கை செய்யும். ஐம்பத்திரண்டு வயதான என்னைத் தம்பி என்று கூப்பிடும் ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். அதற்காகவே அவர் கூப்பிட்டால் போவேன்.

அன்று பள்ளியின் பின்பக்கம் கூட்டிப்போய் மாணவிகளின் கழிவறையைக் காட்டினார். மூன்று அறை. ஒன்றில் கதவு இல்லை, ஒன்றில் பீங்கான் பிளந்திருந்தது, மூன்றாவதைப் பற்றி நான் எழுதாமல் இருப்பதே மரியாதை.

“பொம்பளப் பிள்ளைங்க தண்ணியே குடிக்க மாட்டேங்குதுங்க தம்பி. காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்குதுங்க. போன வாரம் ஒன்னு மயங்கி விழுந்துடுச்சு” என்றார்.

கழிவறைக்கு அரசாங்கப் பணம் வந்திருந்தது. ஆனால் வருஷ முடிவுக்குள் செலவு செய்யவில்லையென்றால் திரும்பிப் போய்விடும். மூன்று விலை வேண்டும். அவர் ஆறு குத்தகைக்காரர்களுக்குப் போன் செய்திருந்தார். வேலை சின்னது, தோட்டத்துச் சாலையோ லோரியின் எலும்பை எண்ணிவிடும். யாரும் வரவில்லை. வருகிறேன் என்ற ஒருவரும் பெட்ரோலுக்குக் கட்டாது என்று பாதி வழியில் திரும்பிவிட்டார்.

“உங்களது ஒன்னு இருக்கு” என்றார். கொஞ்ச நேரம் அந்தக் கதவில்லாத அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் ரெண்டு கொட்டேஷன் வேணுமே தம்பி. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும்...?”

“டீச்சர், அதை என்கிட்ட விடுங்க.”

“அவங்க வந்து இடத்தைப் பார்க்க வேணாமா?”

“பார்த்த மாதிரிதான் டீச்சர்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்து மாணவனின் தாளை எட்டிப் பார்க்கிறவனைப் பார்க்கிற பார்வை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

விலை கொடுக்கப் போன அன்று என் லோரியின் முன்பெட்டியில் மூன்று சாப்பு இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று பெயிண்ட் அண்ணனுடையது. அவர் கூலிம் டவுனில் சாயம் பூசும் கம்பெனி வைத்திருப்பவர், எனக்கு அண்ணன் முறை கிடையாது, வயதுக்கு மரியாதை. மூன்றாவது அவருடைய மச்சானுடையது. மச்சான் ஜொகூருக்குப் போய்ப் பல வருஷமாகிவிட்டது. கம்பெனி மட்டும் அண்ணன் தயவில் தாளில் உயிரோடு இருந்தது. நான் சாப்பு வேண்டும் என்று கேட்டதும் அண்ணன் இரண்டையும் லெட்டர்ஹெட் தாளோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, “வச்சுக்கடா, அவசரமில்ல” என்று கொடுத்திருந்தார்.

பள்ளிக்குப் போகும் வழியில், செம்பனை ஏற்றும் இடத்தில் லோரியை நிறுத்தி, பானெட் மேல் மூன்று தாளையும் விரித்தேன். என் விலை குறைவு. மற்ற இரண்டும் கொஞ்சம் அதிகம். அந்த நேரம் பார்த்து மழை. தாளைக் காப்பாற்றுவதா, சாப்பைக் குத்துவதா என்ற போராட்டத்தில் இரண்டையும் செய்தேன். பெயிண்ட் அண்ணன் தாளில் மச்சான் சாப்பைக் குத்தினேன். மச்சான் தாளில் அண்ணன் சாப்பைக் குத்தினேன். உறையில் போட்டு, ஒட்டி, விசில் அடித்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் கவனிக்கவில்லை. டீச்சரும் கவனிக்கவில்லை. மேலே உள்ளவர்களும் கவனிக்கவில்லை. தோழனின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

வேலையை நான் நன்றாகச் செய்தேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நான் நன்றாகச் செய்தது இது ஒன்றுதான். வழுக்காத ஓடு போட்டேன். தாழ்ப்பாளைச் சின்னப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வைத்தேன். தண்ணீர் தேங்காமல் ஓடுகிறதா என்று மூன்று வாளி ஊற்றிப் பார்த்தேன். திறந்த அன்று மாணவிகள் வரிசையில் நின்றார்கள். அவசரத்தில் இல்லை, வேடிக்கை பார்க்க. ஒரு சிறுமி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து, வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டாள். டீச்சர் அதட்டினார். அதட்டும்போது அவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் போயிற்று. ஒரு நாள் அலோர் ஸ்டாரிலிருந்து போன் வந்தது. ஊழல் தடுப்பு அலுவலகம். வாக்குமூலம் கொடுக்க வர வேண்டும் என்றார்கள்.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பகுதியில் இருக்கிறாள். நாள் முழுக்க உருப்பெருக்கிக்குக் கீழே கணினிச் சில்லுகளைப் பார்ப்பது அவள் வேலை. கதை முழுவதையும் கேட்டாள்.

“முடி அளவு கீறல் இருந்தாலும் நான் தூக்கிப் போட்ருவேன். அந்தப் பேப்பரை என்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாம்ல?”

“காட்டியிருந்தா திருத்தியிருப்பியா?”

“இல்ல. உங்களையே தூக்கிப் போட்டிருப்பேன்.”

அதிகாரி ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பேச்சை வைத்தே தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துகொண்டேன். எனக்குத் தண்ணீர் போத்தல் ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டு, “உட்காருங்க அங்கள்” என்றார். தம்பி என்று கூப்பிடும் உலகத்திலிருந்து அங்கள் என்று கூப்பிடும் உலகத்துக்கு வந்துவிட்டேன் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதே விளங்கிவிட்டது.

அவர்கள் உண்மையில் தேடிப் போனது பாஸை. யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். அதனால் மாவட்டத்தில் நடந்த சின்னச் சின்ன வேலைகளின் கோப்புகளையெல்லாம் அள்ளி வந்து, தாள் தாளாகப் பார்த்திருக்கிறார்கள். பாஸ் கோப்புகளில் ஒரு குறையும் இல்லை. வெவ்வேறு மை, வெவ்வேறு தேதி, வெவ்வேறு கையெழுத்து. அவ்வளவு கோப்பிலும் கோணலாக நின்றது என்னுடையது ஒன்றுதான்.

அவர் மூன்று தாளையும் மேசை மேல் வரிசையாக வைத்தார்.

“இது யார் லெட்டர்ஹெட் அங்கள்?”

“பெயிண்ட் அண்ணன் கம்பெனிம்மா.”

“சாப்பு?”

“அது... அவர் மச்சானோடது.”

“இது?”

“மச்சான் கம்பெனி. சாப்பு அண்ணனோடது.” கொஞ்சம் சிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. “நெருங்கின சொந்தம்மா. ஒருத்தர் சட்டையை ஒருத்தர் மாத்திப் போட்டுக்குவாங்க.”

அவர் வாயின் ஓரம் ஒரு நூல் அளவுக்கு அசைந்தது. உடனே சரியாகிவிட்டது. “மூனு பேரும் ஒரே லோரியிலதான் வந்தாங்களா?”

“முன்பெட்டியிலம்மா.”

“அங்கள், நீங்க நல்லா சிரிக்க வைக்கிறீங்க. ஆனா நான் இதை எழுதணும்லா.”

எழுதினார். நான் சொன்னேன்: டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. மூன்று உறையையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நம்பிவிட்டார், பாவம். முழுத் தப்பும் என்னுடையது. வருகிற வழியில் நெடுஞ்சாலை முழுக்க இதை ஒத்திகை பார்த்திருந்தேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகூட இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்காக வெளிப்படையாகத் தோற்கிறேன் என்ற பெருமை.

அதிகாரியின் விரல்கள் தட்டச்சுப் பலகை மேல் நின்றுவிட்டன.

“அங்கள், டீச்சர் நேத்து வந்திருந்தாங்க. இதே நாற்காலிதான்.”

“ஓ.”

“இன்னும் ரெண்டு கொட்டேஷன் கொண்டு வாங்கன்னு நான்தான் கேட்டேன், எப்படிக் கொண்டு வருவாருன்னு எனக்குத் தெரியும்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க.”

தண்ணீர் போத்தலைத் திறக்கப் பார்த்தேன், மூடி வழுக்கியது.

“மாத்திச் சொல்றீங்களா, இப்படியே இருக்கட்டுமா? மாத்தினா, முதல்ல சொன்னதும் இருக்கும், மாத்தினதும் இருக்கும்.”

மாற்றிச் சொன்னேன். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இன்றுவரை என் காதில் இருக்கிறது. “ஏன் அங்கள் மறைக்கப் பார்த்தீங்க? உங்களுக்கும் டீச்சருக்கும் ஏதும் பேச்சு இருந்துச்சா?” எந்தப் பேச்சும் இல்லை. ஆனால் இல்லை என்று நான் சொல்வதை இனி யார் நம்புவது? சற்று முன்புதான் நானே என் வாயால் ஒரு பொய்யை அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். டீச்சரைக் காப்பாற்ற நினைத்து, அவருக்கும் எனக்கும் ஏதோ கள்ள உறவு மாதிரி ஒரு கூட்டு இருந்ததாக ஒரு கேள்வியை அந்தக் கோப்பில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் பாஸைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை தடவை தோழனாகப் போனேன், கிராணி என்ன சொல்வார், பதிலுக்கு எந்தக் கால்வாய் கிடைத்தது, எல்லாம்.

“எழுத்துல ஏதும் இருக்கா? மெசேஜ்?”

“போன்லதாம்மா பேசுவாரு.”

“அந்தக் கிராணி?”

“ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போயிட்டாரும்மா.”

அவர் பெருமூச்சு விட்டார். “உங்க பேப்பரெல்லாம் அவர் கோப்புல இருக்கு அங்கள். ரொம்ப சுத்தமா இருக்கு. நீங்க ஒருத்தர் சொன்னா போதாது. மத்த கம்பெனிக்காரங்களும் வந்து சொல்லணும். வருவாங்களா?”

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவர் மூன்று தாளையும் உறைக்குள் போட்டார். போடும்போது, எழுதாத குரலில், “கழிவறை நல்லா இருக்கா அங்கள்?” என்று கேட்டார்.

“இருக்கும்மா. தண்ணி நிக்காம ஓடுது.”

“எங்க ஸ்கூல்ல கதவே இருக்காது” என்றார். கோப்பை மூடினார்.

மறுநாள் கூலிம் டவுனில் பாய் கடையில் பெயிண்ட் அண்ணனைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் அவர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

“வாடா, மூளை இல்லாதவனே. ரெண்டு சாப்பு குடுத்தேன். ரெண்டே ரெண்டு. ரெண்டுல தப்பு பண்றதுக்கு ஒரு திறமை வேணும்டா.”

“மழைண்ணே.”

“மழைல சாப்பு ஜோடி மாறிடுமா? என் மச்சான் ஜொகூர்லேர்ந்து போன் போட்டு அழுவுறான். அவனுக்கு அப்படி ஒரு கம்பெனி இருக்கிறதே மறந்து போச்சாம்.”

நான் மெதுவாக ஆரம்பித்தேன். பாஸுக்காக நாம் நாலைந்து பேர் தோழனாக நின்றிருக்கிறோம். எல்லோரும் சேர்ந்து போய் அதைச் சொன்னால், பெரிய மீன் எது, சின்ன மீன் எது என்று அவர்களுக்கே விளங்கும். டீச்சர் விஷயம் சின்னதாகத் தெரியும். அவருக்கு ஓய்வுபெற இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது.

அண்ணன் விரலைத் துடைத்துக்கொண்டார். “நாலு பேரா? நீ ஒன்னு. அப்புறம் நான் ஒன்னு. அப்புறம் இன்னொன்னு. எல்லாம் தனித்தனி ஒன்னுடா. நாலு எங்க இருக்கு?”

“அண்ணே, டீச்சர்...”

“டீச்சர் நல்லவங்க. எனக்குத் தெரியாதா? என் ரெண்டாவது மகளுக்கே அவங்கதான் பாடம் சொல்லிக் குடுத்தாங்க.” குரல் தணிந்தது. “ஆனா நான் போய் வாயைத் திறந்தா, நான் குத்தவாளி. லைசென்ஸ் போச்சு. எங்கிட்ட ஆறு பேரு வேலை செய்றான். பாஸுக்கு என்ன ஆவும்? ஒன்னும் ஆவாதுலா. நீயே சொல்லு.”

அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. போன தேர்தலின்போது நாங்கள் குடியிருக்கும் தாமானில் வீடு வீடாகப் பிரியாணிப் பொட்டலம் வந்தது. பொட்டலத்துக்குக் கீழே ஒரு உறையும் இருந்தது. ஓட்டுக்குப் பணம் வாங்குவது குற்றம், புகார் கொடுங்கள் என்ற பலகை மண்டபத்துக்கு எதிரேயே நின்றது. கொடுப்பவனைப் போல வாங்குபவனும் குற்றவாளி என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அதனால் தெரு முழுக்க சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டோம். புகார் கொடுக்கக் கூடியவர்கள் யார் என்று பார்த்தால், அன்று ஊரில் இல்லாதவர்கள் மட்டும்தான். கையை அகலமாக நனைத்துவிட வேண்டும், அப்புறம் ஒருவரும் விரலை நீட்ட மாட்டார்கள் என்பது பாஸ் போன்றவர்களுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மற்ற இருவரைப் போனில் கேட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் எடுத்து, “யாரு? எந்த பாஸ்?” என்றார். விலை எழுதும்போதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எழுதிய நாங்கள், உண்மை சொல்ல வேண்டிய நேரத்தில்தான் விதிப்படி நடந்துகொண்டோம். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் உறைக்குள் போய் ஒட்டிக்கொண்டோம்.

அடுத்த மாதமே டீச்சரைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூலிமில் கல்வி இலாகா அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். மேசை உண்டு, வேலை இல்லை. ஒழுங்கு விசாரணை முடிகிறவரை ஓய்வூதியக் காகிதங்களும் நகராது. விசாரணையில் தப்பு உறுதியானால் முப்பத்து நாலு வருஷத்து ஓய்வூதியத்தில் எவ்வளவு மிஞ்சும், மிஞ்சுமா என்பதையும் யாரும் சொல்லவில்லை. என் லைசென்ஸையும் நிறுத்தி வைத்தார்கள். அது பெரிய சேதமில்லை. தோற்பதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று நானே கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு உள்ளே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினார். கேட்டைத் திறக்கவில்லை.

“உள்ள கூப்பிட முடியாது தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சாட்சியாம். எனக்கு எதிரா. உங்களோட பேசக் கூடாதுன்னு கடிதம் வந்திருக்கு.”

எனக்கும் அதே மாதிரி ஒரு கடிதம் வந்திருந்தது. நான் அதை முழுதாகப் படிக்கவில்லை. சாப்பு இருக்கிற எந்தத் தாளையும் நான் முழுதாகப் படிப்பதில்லை என்பதுதான் இந்தக் கதையே.

“டீச்சர், உங்களுக்குத் தெரியாதுன்னு நான் சொன்னேன்” என்றேன்.

“கேள்விப்பட்டேன். ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நீங்களும் தெரியாதுன்னு சொல்லியிருந்தா...”

“தம்பி, ஒரு பொய்யைக் கொண்டுபோனா அதுக்குத் துணையா இன்னும் ரெண்டு கொண்டு வரச் சொல்வாங்க.” குழாயின் வாயை விரலால் அடைத்து அடைத்துத் திறந்தார். “முப்பத்து நாலு வருஷத்துல எத்தனை பிள்ளைங்களைப் பார்த்து எழுதினதுக்குப் பிடிச்சிருக்கேன் தெரியுமா? பிடிச்சதும் எல்லாம் ஒன்னே ஒன்னுதான் சொல்லும். ‘டீச்சர், நான் எழுதல, அவன் காட்டினான்.’ அந்த நாற்காலியில உட்கார்ந்தப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. நானும் அதையே சொல்லிட்டா அப்புறம் எப்படி?”

“ஆனா நீங்க ஒரு காசு எடுக்கலயே டீச்சர்!”

“அதையும்தான் எழுதிக் குடுத்திருக்கேன். அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் போட்டாங்க.”

நான் எதையாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். எப்போதும் நாக்கு நுனியில் ஒன்று இருக்கும். அன்று வரவில்லை. செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். பணம் திரும்பிப் போயிருக்கும். மாணவிகள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டீச்சர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றிருப்பார். சரியான வழி எது என்று அதிகாரியிடம் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டம் கேட்ட கேள்வி நியாயமானது. போட்டி நடந்ததா என்று கேட்டது, நடக்கவில்லை. நடந்ததாகக் காட்டினோமா என்று கேட்டது, காட்டினோம். மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் அதைக் கேட்கிற இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

“போங்க தம்பி. பக்கத்து வீட்டுக்காரங்க பார்க்குறாங்க” என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு விசாரணைத் தேதி மூன்று தடவை தள்ளிப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் நான் சட்டையைத் தேய்த்து வைத்தேன். பாஸ் விஷயம் என்ன ஆயிற்று என்று அதிகாரிக்கு ஒருமுறை போன் செய்து கேட்டேன். “பார்த்துக்கிட்டுதான் இருக்கோம் அங்கள். உங்க பேச்சைத் தவிர வேற ஒன்னும் கையில இல்ல” என்றார். இதற்கிடையில் அதே தோட்டத்துப் பள்ளிக்கு வேலி போடும் வேலை வந்தது. எடுத்தவர் பாஸ். மூன்று விலையும் ஒழுங்காக இருந்ததாம். என் இடத்தில் புதிதாக ஒரு கம்பெனி தோழனாக நின்றிருக்கிறது. தோற்பதில்கூட என்னைத் தோற்கடித்துவிட்டார்கள்.

டீச்சரின் கடைசி வேலை நாள் போன வெள்ளிக்கிழமை. விசாரணை முடியவில்லை. பள்ளியில் பிரியாவிடை வைக்க வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பெற்றோர்கள் சிலர் வீட்டுக்காவது போகலாம் என்று பேசி, அப்புறம் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்கள்.

மனைவியிடம் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். “அங்கதானே போறீங்க? இறங்கிடாதீங்க” என்றாள். அவள் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை.

இலாகா அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம் லோரியை நிறுத்தினேன். ஐந்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கடைசியில் டீச்சர் வந்தார். கையில் ஒரு காகிதப் பை, குடை, சாப்பாட்டுக் கேரியர். வாசலில் கழுத்து அட்டையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்தார். அவர் அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வேறு யாரிடமோ பேச ஆரம்பித்தார். டீச்சர் ரசீது ஏதும் வருமா என்பது போல ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார். பிறகு நிமிர்ந்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

நடைபாதையிலிருந்து ஒரு கால் கீழே வைத்தார். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். அந்தக் கால் அப்படியே இருந்தது. பிறகு மேலே போயிற்று. கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் கணவரின் கார் வந்தது. ஏறிக்கொண்டார். கார் முனையில் திரும்புகிறவரை நான் கைப்பிடியை விடவில்லை, திறக்கவுமில்லை.

காவலாளி சாலையைக் கடந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். இங்கே நிறுத்தக் கூடாது என்றார் மலாயில். யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டார்.

யாருக்காகவும் இல்லை என்றேன்.

அவர் நம்பவில்லை. பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, லோரியின் முன்னால் போய்க் குனிந்து, எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார்.